தன்னினும் மூத்த விளையாட்டு

2023 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுச் சிறுவன் தன் வீட்டில் அமர்ந்து டெட்ரிஸ் விளையாடிக்கொண்டிருந்தான். ஏறத்தாழ 38 நிமிடங்கள் கழித்து, 1511ஆவது வரிசையை அவன் நிரப்பிய கணத்தில் திரை உறைந்துபோயிற்று. நின்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்ட அந்த விளையாட்டை, அதற்குமேல் நகர முடியாத புள்ளிவரை மனிதர் ஒருவர் கொண்டுசென்றது அதுவே முதல் முறை. விரல்களில் உணர்வே இல்லை என்று அவன் சொல்வது காணொளியில் பதிவாகியிருக்கிறது. அதே மாதத்தில் இறந்துபோன தன் தந்தைக்கு அந்த ஆட்டத்தை அவன் காணிக்கையாக்கினான்.

செய்தி உலகெங்கும் பரவியது. பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்றில் அதை வாசித்தவர், ஒரு தாயாகத் தான் சொல்ல நினைப்பது திரையை விட்டு எழுந்து வெளியே போய்க் காற்று வாங்கு என்பதுதான் என்றார். டெட்ரிஸை வெல்வது ஒரு வாழ்க்கைக் குறிக்கோள் ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். 12 வயதில் சதுரங்க கிராண்ட்மாஸ்டர் ஆன குகேஷைப் பற்றிய செய்தியில் இப்படியொரு பின்னுரையை எந்தச் செய்தி வாசிப்பாளராவது சேர்த்திருக்க முடியுமா?

பழைய வீடியோ விளையாட்டுகளின் மீதான விருப்பத்திற்குப் பொதுவாக ஒரே விளக்கம்தான் தரப்படுகிறது: கடந்தகால ஏக்கம். கோடை விடுமுறை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, அண்ணன் கையிலிருந்து பிடுங்கிய கன்ட்ரோலர் ஆகியவற்றின் நினைவே அந்த இன்பம் என்பர். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பொருந்தலாம். 1989இல் வெளியான ஒன்றை 2010க்குப் பின் எழுத்தறிந்த தலைமுறை விரும்புவதற்கு இது எப்படி விளக்கமாகும்? தான் வாழ்ந்திராத காலத்தை எண்ணி ஒருவர் ஏங்க முடியாது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடலொன்றில் தோய்ந்துபோகும் மாணவியை, ‘உனக்கு அந்தக் காலத்து ஏக்கம்’ என்று எந்தத் தமிழ்த்துறையும் மதிப்பிடுவதில்லை. அவள் வாசிக்கிறாள் என்றே சொல்கிறோம்.

டெட்ரிஸ் 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பிறந்தது. அலெக்சி பாஜிட்னோவ் அதை உருவாக்கிய எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து வைத்துத்தான் அவர் கட்டங்களைக் காட்டினார். ஐந்து சதுரங்களால் ஆன மரத்துண்டுப் புதிரை நான்கு சதுரங்களாகச் சுருக்கியதும், நிரம்பிய வரிசை மறைந்துவிட வேண்டும் என்று முடிவு செய்ததும் அவருடைய இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள். (இந்தியாவில் பலருக்கு அது டெட்ரிஸ் என்ற பெயரில் வந்துசேரவேயில்லை. 1990களில் கடைத்தெருவில் விற்ற கையடக்க ‘பிரிக் கேம்’ பொம்மையாகத்தான் வந்தது. உறையின் மேல் 9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.)

1989ஆம் ஆண்டுப் பதிப்பில் 29ஆவது நிலையே முடிவு என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நிலையில் துண்டு நொடிக்கு 60 வரிசை வேகத்தில் விழுகிறது. ஆடுகளத்தின் உயரம் 20 வரிசை. ஆக, மேலிருந்து தரையைத் தொட நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். பொத்தானை அழுத்திப் பிடித்துத் துண்டை ஓரத்திற்குத் தள்ள முயன்றால், ஓரம் வருமுன் தரை வந்துவிடும். நிலை எண்ணைக் காட்டும் அட்டவணையும் 29உடன் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் பொருளற்ற குறிகளே தெரியும். உருவாக்கியவர்களே அதற்குமேல் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பதிப்பில் இன்னொரு உண்மையும் புதைந்திருந்தது: 29க்குப் பிறகு வேகம் கூடுவதேயில்லை. அந்த ஒரு வேகத்தில் வாழக் கற்றுவிட்டால் எவ்வளவு தொலைவும் போகலாம். அதற்குத் தேவைப்பட்டது புதிய கணினியோ புதிய விதியோ அன்று, விரல்களின் வேறொரு பயன்பாடு. முதலில் பொத்தானைப் பிடித்திருப்பதை விட்டு, கட்டைவிரல் நடுங்குவதுபோல் நொடிக்குப் பத்து முறைக்குமேல் தட்டும் முறை வந்தது. 1990இல் நின்டெண்டோவின் போட்டியில் வென்றிருந்த தோர் ஆக்கர்லண்ட், 2011இல் இம்முறையால் 30ஆவது நிலையைத் தொட்டார். பிறகு இளையவர்கள் அதையும் தலைகீழாக்கினர். ஒரு கையின் விரலைப் பொத்தானின் மேல் வெறுமனே வைத்திருந்து, மறுகையின் விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினர். ஒவ்வொரு தட்டும் கருவியையே உந்திப் பொத்தானை விரலின் மேல் மோதச் செய்கிறது. விரல் பொத்தானிடம் போவதில்லை. பொத்தான் விரலிடம் வருகிறது. பார்ப்பதற்கு மிருதங்கத்தின் வலந்தலையில் ஓடும் விரல்களைப் போலிருக்கும். அந்தக் கன்ட்ரோலர் செய்யப்பட்ட நாள்முதல் அதன் முதுகு அங்கேதான் இருந்தது. எவருக்கும் அதைத் தட்டத் தோன்றவில்லை.

இங்கேதான் ஏக்கம் என்ற விளக்கம் முற்றிலும் உடைகிறது. இவ்விளையாட்டின் உலகப் போட்டியில் ஏழு முறை வென்ற ஜோனஸ் நியூபவர் 1981இல் பிறந்தவர். வெளியான காலத்திலேயே அதை விளையாடிய தலைமுறை. 2018 இறுதிப் போட்டியில் அவரை வென்ற ஜோசப் சேலிக்கு வயது 16. விளையாட்டோ அவரைவிடப் பத்தாண்டுக்கும் மேல் மூத்தது. சேலியின் தலைமுறை அதைச் சந்தித்தது பெட்டியிலிருந்து எடுத்த பரிசாக அன்று, யூடியூபில் பார்த்த பழைய போட்டிக் காணொளிகளின் வழியே. ‘29தான் முடிவு’ என்பது மூத்தவர்களுக்குக் கைகளில் ஊறிப்போன அனுபவம். இளையவர்களுக்கு அது கேள்விப்பட்ட செய்தி. சரிபார்க்கப்பட வேண்டிய ஒன்று. பிந்தி வந்தவரின் ஆதாயம் இது. ஆய்வேடு எழுதுவோர் இதைத் தம் துறையிலேயே கண்டிருப்பர்.

29ஐக் கடந்தபின் எவரும் காணாத நிலப்பரப்பு விரிந்தது. 138ஆவது நிலை முதல், நிரல் தனக்குரிய வண்ண அட்டவணையைத் தாண்டி, தொடர்பில்லாத நினைவக எண்களை வண்ணங்களாக வாசிக்கத் தொடங்குகிறது. 148இல் துண்டுகள் ஏறக்குறையக் கருமையில் மறைகின்றன. இவற்றை வரைந்தவர் எவருமில்லை. 2021இல் ஒரு கணினி நிரல் 237ஆம் நிலைவரை விளையாடிக் காட்டியது. ஆர்வலர்கள் மூல நிரலை வரிவரியாகப் பிரித்துப் படித்து, எந்த நிலையில் எத்தனை வரிசைகளை ஒன்றாக அழித்தால் மதிப்பெண் கணக்கீடு தன் நேரத்தைக் கடந்து கருவியை உறைய வைக்கும் என்று பட்டியலிட்டனர். கிப்சன் அப்பட்டியலை அறிந்தே ஆடினான். 155இல் கிடைத்த வாய்ப்பு தவறி, 157இல் கைகூடிற்று. அடுத்த ஆண்டு மைக்கேல் ஆர்டியாகா என்ற 16 வயதினர் 255ஆவது நிலையையும் கடந்தார். நிலை மீண்டும் 0 ஆகி, துண்டுகள் புதிதாகக் கற்பவருக்கு விழுவதுபோல் மெதுவாக விழத் தொடங்கின. அவர் ஆடியது உறையாதபடி திருத்தப்பட்ட பதிப்பு. கிப்சனுடையது மூலம், இவருடையது திருத்திய பதிப்பு. எதை முடிவாகக் கொள்வது என்ற விவாதம் பாடபேதங்களோடு புழங்கும் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

டெட்ரிஸ் பேறுபெற்ற விளையாட்டு. அதன் பழைய கேசட்டுகளும், அவற்றைத் தாமதமின்றிக் காட்டும் பிக்சர் டியூப் தொலைக்காட்சிகளும் இன்னும் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. மற்றவற்றின் நிலை அப்படியில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று அந்நாட்டின் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவற்றை விளையாட வேண்டுமென்றால் பழைய கருவியைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது சட்டத்தின் ஓரத்தில் நடக்க வேண்டும், அல்லது ஆவணக்காப்பகத்தின் கட்டடத்திற்குள் நேரில் செல்ல வேண்டும். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தம் இடத்திலிருந்தே அணுக நூலகங்களை அனுமதிக்கும் சட்ட விலக்கு ஒன்று கோரப்பட்டது. 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அதை மறுத்துவிட்டது. சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, அவ்விளையாட்டுகளைப் பொழுதுபோக்கிற்காகவும் பயன்படுத்திவிடக்கூடும் என்ற அச்சம்.

ஒரு நாவலை நூலகத்திலிருந்து எடுப்பவர் அதை ரசித்துவிடுவாரோ என்று எந்த நூலகரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. ரசிக்காமல் ஒரு விளையாட்டை எப்படி ஆய்வது? நிரலின் வண்ண அட்டவணை எங்கே முடிகிறது என்பதை அறிய யாரோ ஒருவர் விரல் மரத்துப்போகும்வரை, விருப்பத்தோடு, அங்கே போயாக வேண்டியிருந்தது. தில்லியிலோ ஹைதராபாதிலோ இருந்துகொண்டு, அங்கே விற்பனையில் இல்லாத 1980களின் விளையாட்டொன்றை ஆய்வுப் பொருளாக எடுக்கும் மாணவர், அமெரிக்க நூலகமொன்றில் உள்ள படியை முறைப்படி தொட வேண்டுமானால் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தில் பயண நோக்கம் கேட்கும் இடத்தில் ஆய்வு என்று எழுதுவதா, விளையாட்டு என்று எழுதுவதா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.