புகைக்கு ஒரு வழி



எரிவாயு வந்துவிட்டால் விறகடுப்பு தானே ஓய்ந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. ஆயினும் விறகடுப்புகள் அணைந்துவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் வீடும் அதற்கு ஒரு சான்று. காலைத் தேநீரும் பிள்ளைகளின் சிற்றுண்டியும் எரிவாயுவில் ஆகின்றன. குளிப்பதற்கு வெந்நீர், விருந்துச் சோறு, ரமலானில் நோன்புக் கஞ்சி ஆகியவற்றுக்கு இன்றும் விறகுதான். சிலிண்டருக்குப் பணம் வேண்டும். பருத்திமாரும் தென்னை மட்டையும் வேலிக்கருவையும் ஊரைச் சுற்றிக் கிடைக்கின்றன.

எங்கள் உம்மா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அடுப்பின் முன் அமர்ந்தவர். கண் எரிச்சலும் மாலை நேரத்து இருமலும் அவருக்குப் பழகிப் போயிருந்தன. மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்ததோடு, புகையிலிருந்து விலகியிருக்கும்படியும் சொன்னார். விறகடுப்பை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டபோது உம்மா கஞ்சிப் பானையைக் காட்டினார். “இதைக் கொண்டு போய் அந்தச் சின்ன அடுப்பில ஏத்துங்க பாப்போம். ரெண்டு சிலிண்டர் தீரும், கஞ்சி வேகாது” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனவே அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், புகை வெளியேற மட்டும் ஒரு வழி செய்வோம் என்று முடிவு செய்தோம்.

புகை என்பது முழுதாக எரியாத விறகுதான். போதிய காற்றும் சூடும் கிடைக்காதபோது, விறகிலிருந்து எழும் வாயுக்கள் எரிந்து தீராமல் கரித்துகளாகவும் நச்சுக் காற்றாகவும் அறையில் பரவுகின்றன. இவற்றுள் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கே பானையைச் சேரும், எஞ்சியது வீணாகும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்பின் அருகே அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்களின் மடியிலுள்ள குழந்தைகளும் என்பதை நாம் அறிவோம்.

இந்த முயற்சி புதிதன்று. 1950-களிலேயே ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்னும் பொறியாளர் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பை வடிவமைத்தார். 1980-களில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அது நிறுத்தப்படுவதற்குள் சுமார் 3.5 கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோவும் அவருடைய சகாக்களும் ஒடிசாவின் கிராமங்களில் இத்தகைய அடுப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். முதல் ஆண்டில் சுவாசித்த புகை குறைந்தது. பராமரிப்பும் முறையான பயன்பாடும் இல்லாததால் அந்தப் பலன் பிறகு மறைந்துவிட்டது. இதிலிருந்து நாங்கள் இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டோம். அடுப்பு, சமைப்பவரின் பானைக்குப் பொருந்த வேண்டும். அதைத் துப்புரவு செய்ய ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே கொத்தனார் முதலில் உம்மாவின் பானைகளை அளந்தார். பழைய மண் அடுப்பை இடிக்காமல், அதன் வயிற்றுக்குள் பொருந்துமாறு கனத்த இரும்புத் தகட்டில் ஓர் உள்கூடு பட்டறையில் செய்யப்பட்டது. அதன் அடியில் கம்பித் தட்டி இருக்கிறது. சாம்பல் கீழே விழும். காற்று கீழிருந்து மேலேறும். இரும்புக்கும் மண் சுவருக்கும் இடையே சாம்பலையும் உமி கலந்த மண்ணையும் நிரப்பினோம். வெப்பம் சுவருக்குப் போகாமல் நெருப்பிலேயே தங்கினால்தான் புகை எரியும். அங்கிருந்து ஒரு பாதை கொடியடுப்புக்குச் சென்று, பின்பு 4 அங்குலக் குழாயில் சேர்கிறது. பானை அடுப்பின் வாயில் இடைவெளியின்றி அமர வேண்டும். கொடியடுப்பில் பானை இல்லாத வேளையில் அதை மூடி வைக்க வேண்டும்.

கூரையைத் துளைத்த இடத்தில் கூடுதல் கவனம் எடுத்தோம். சூடேறும் குழாய் மர வரிச்சலைத் தொடாதபடி இடைவெளி விட்டுத் தகடு அடித்தோம். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து வீசும் காற்றின் வேகம் வாசகர்களில் பலர் அறிந்ததே. குழாய் தாழ்வாக இருந்தால் அந்தக் காற்று புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும். அதனால் கூரையின் உச்சியைவிட உயர்த்தி, மழைக்கும் காற்றுக்கும் தகரத் தொப்பி பொருத்தினோம். அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராகவும் குழாய் அமையவில்லை. நம் வீட்டுப் புகையை அண்டை வீட்டார் மீது தள்ளுவது தீர்வாகாது.

மண் உலரப் பத்து நாள் காத்திருந்தோம். பிறகு சிறு தீ மூட்டி, அடுப்பின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தோம். அதன் புகை உள்ளே இழுபட்டுச் சென்றது. உம்மா ஊதுகுழலைக் கையில் வைத்திருந்தார். அதற்கு வேலை வரவில்லை. “இதுல சோறு ருசிக்குமா?” என்று மட்டும் கேட்டார். அன்று சோறாக்கியவரும் அவர்தான், ருசி பார்த்துத் தலையசைத்தவரும் அவர்தான்.

இதனால் இருமல் முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டோம். தீ மூட்டும்போதும் விறகைத் தள்ளும்போதும் சிறிது புகை வரத்தான் செய்கிறது. எரிவாயுவின் தூய்மை இதற்கு இல்லை. ஆகையால் ஜன்னல் திறந்தே இருக்கிறது. சிறு சமையல் எரிவாயுவிலேயே நடக்கிறது. ஆனால் அறை கண்ணைக் கரிப்பதில்லை. விறகும் முன்னைவிடக் குறைவாகவே செலவாகிறது. ஈர விறகு கூடாது என்பதால் வெட்டிப் பிளந்து வெயிலில் காய வைத்தே பயன்படுத்துகிறோம்.

நாம் மூட்டும் நெருப்பைச் சிந்தித்துப் பார்க்கும்படி அல்வாகிஆ அத்தியாயத்தில் அல்லாஹ் அழைக்கிறான். அதன் மரத்தைப் படைத்தவன் அவனே என்று நினைவூட்டி, அதை ஒரு படிப்பினையாகவும் பயன்பொருளாகவும் ஆக்கியதாகக் கூறுகிறான். அருட்கொடையான நெருப்பு ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் நோயாகிவிடக் கூடாது. நோன்புக் கஞ்சியின் நன்மையில் எல்லோரும் பங்கு கேட்கிறோம். அதன் புகையையும் உம்மா ஒருவரே ஏற்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்த வழிமுறையைப் பின்பற்றி, மாதத்திற்கு ஒருமுறை குழாயின் கரியைத் தட்டி எடுக்கும் பொறுப்பை எங்கள் வீட்டு ஆண்கள் ஏற்றுள்ளோம். கரி படிந்தால் இழுப்புக் குறையும். அதிகம் சேர்ந்தால் தீப்பற்றவும் கூடும். நீண்ட கழியின் நுனியில் தென்னை நாரைக் கட்டினால் போதும், அரை மணி நேர வேலைதான்.

உங்கள் வீட்டில் இன்னும் விறகு எரிகிறதென்றால், ஒருநாள் சஹர் சமையலின்போது அடுப்படியில் கால் மணி நேரம் அமர்ந்து பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். நமக்காக நெருப்பின் முன் அமர்ந்த எல்லாத் தாய்மார்களுக்கும் அல்லாஹ் நலமும் நீண்ட ஆயுளும் அருள்வானாக. ஆமீன்.