விழுந்த கையும் விஞ்ஞானமும்

பாரிசவாதம் கண்ட ஒருவரைக் குறித்து, "கை விழுந்துவிட்டது" என்று நாம் வெகு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இச்சொல்லிலே ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. உழைத்து உண்பவனுக்குக் கையே முதல். அது விழுந்தால் ஆள் முடிந்தான் என்பதே ஊரார் கொள்ளும் பொருள்.

எம்முடன் கற்பித்த ஆசிரியர் ஒருவர், வலக்கை வழங்காது போனபின் வெண்கட்டியை இடக்கையிற் பிடிக்கப் பழகினார். "வலக்கை இனி வருமா?" என்று அவர் கேட்டபோது, சுற்றி நின்ற எவரிடமும் விடை இருக்கவில்லை.

உண்மையில் விழுவது கையன்று. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் தடைப்பட, அல்லது அங்கே குழாய் வெடிக்க, முண்ணாண் வழியே கையை ஆளும் நரம்புப் பாதை சிதைகிறது. அப்பாதை முற்றாக அறுந்ததா, சிறிதேனும் எஞ்சியதா என்பதே வினா. அசையாத கையை வெளியே பார்த்து இதனை அறிய இயலாது.

இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே, 1985ஆம் ஆண்டு, அந்தனி பார்க்கரும் அவருடன் உழைத்தோரும் இதற்கொரு வழி திறந்தனர். தலைமேல் வைத்த கம்பிச் சுருளில் ஒரு கணம் மின்னைப் பாய்ச்ச, எழுந்த காந்தப்புலம் மண்டையோட்டை நோவின்றிக் கடந்து மூளையைத் தூண்டியது, கைத்தசை துடித்தது. இதற்கு ஆதாரமான மின்காந்தத் தூண்டலை 1831இற் கண்ட மைக்கேல் பரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர்.

நியூசிலாந்தின் ஒக்லாந்து ஆய்வாளர், நோய் கண்ட மூன்றாம் நாளளவில் தோளையும் விரல்களையும் சோதிக்கின்றனர். மிகத் தளர்ந்தோருக்கு முதல் வாரத்துள் காந்தத் தூண்டல் செய்கின்றனர். தசையில் மறுமொழி பதிவானால், கை அன்று அசையாதிருப்பினும், மூன்று மாதத்தில் நல்ல குணத்தை எதிர்பார்க்கலாம். 100 பேரில் ஏறத்தாழ 75 பேருக்கு இம்முறையின் கணிப்புப் பொருந்துகிறது.

தசை மறுமொழி தராவிட்டால்? தலையில் மின்வாய்கள் பொருத்தி மூளையின் மறுமொழியையே அளக்கலாம். ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வொன்று, அம்மறுமொழியின் வடிவுக்கும் பின்னர் கிட்டும் குணத்துக்கும் தொடர்புண்டு என 2020இற் காட்டிற்று. மௌனமான கைக்குப் பின்னாலும் மூளை பேசக்கூடும்.

ஆனால் அளவுகோல் யார் கையில் இருக்கிறது? முன்னறிவிப்பைக் கொண்டு பயிற்சியைத் திட்டமிட்டபோது, நோயாளர் வைத்தியசாலையில் தங்கும் காலம் ஏறக்குறைய ஒரு வாரம் குறைந்ததென ஒக்லாந்து ஆய்வாளர் 2017இல் அறிவித்தனர். விரைவில் வீடு திரும்புவது நன்றே. எனினும், வைத்தியத்தைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கும் சமுதாயத்திலே, "இவருக்குப் பயிற்சி வீண்" என்று ஏழையை ஒதுக்கவும் இதே எண் உதவும். 25 பேரிற் பிழைக்கும் கணிப்பைக் கொண்டு ஒருவரைக் கைவிட யாருக்கு உரிமை உண்டு?

எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை அளவை சொல்லட்டும். பயிற்சி வேண்டுமா என்பதை அது தீர்மானிக்க நாம் இடங்கொடுக்கலாகாது. குணமடையும் வாய்ப்பு குறைந்தவருக்கே சமுதாயத்தின் துணை கூடுதலாக வேண்டும்.