பயிற்சிதானே?

லாக் நெஸ் ஏரி என்றதும் நமக்கெல்லாம் அந்த 'நெஸ்ஸி' விலங்குதான் ஞாபகம் வரும். 1976-ல் அதைத் தேடி ஸ்காட்லாந்து போனவர்களுக்கு ஏரியின் அடியில் கிடைத்தது என்ன தெரியுமா? ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானம்!

1939 டிசம்பரில் ஹெலிகோலாந்து அருகே, போன விமானங்களில் பாதி திரும்பாத தாக்குதலில் தப்பி வந்தது அது. பிறகு பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டார்கள். 1940 டிசம்பர் 31. பனிப்புயலில் ஒரு இன்ஜின் நின்றுவிட்டது. ஆறு பேர் பாராசூட்டில் குதித்தார்கள். விமானிகள் இருவரும் விமானத்தை ஏரியில் இறக்கிக் கரையேறிவிட்டார்கள். குதித்தவர்களில் வால்பக்கத் துப்பாக்கி வீரர் மட்டும் பாராசூட் சரியாக விரியாமல் இறந்துபோனார்.

1985-ல் விமானத்தை வெளியே எடுத்தார்கள். இப்போது இங்கிலாந்தில், அதைக் கட்டிய புரூக்லண்ட்ஸிலேயே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் போரில் ஓடித் தேய்ந்த விமானங்கள்தான் பல சமயம் பயிற்சிக்கு வரும். ஓட்டுவது அனுபவமில்லாத பையன்கள். அதுவும் இருட்டில், மழையில், மலைகளுக்கு நடுவே. பிரிட்டனின் பாம்பர் கமாண்டில் இறந்த சுமார் 55,500 பேரில் 8,000-க்கும் மேற்பட்டவர்கள் விபத்துகளில் போனவர்கள்.

இதையெல்லாம் இங்கே பூனாவில் உட்கார்ந்து ஏன் படிக்கிறேன் என்கிறீர்களா? அக்கா பையன் விமானப்படைக்குத் தேர்வாகியிருக்கிறான். "ஏண்டா தம்பி, இப்போ வெறும் பயிற்சிதானே?" என்று ஊரிலிருந்து போனில் கேட்டாள். "ஆமாக்கா, இப்போ பாதுகாப்பு எவ்வளவோ மேல்" என்றேன். உண்மைதான். ஆனாலும் அந்தத் "தானே"வை மட்டும் என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.