பங்காருபேட்டையில் ஒரு கூரைக் கணக்கு

பங்காருபேட்டை ஜங்ஷனில் இறங்கி மாரிகுப்பம் கிளைப்பாதைப் பக்கமாக நடந்தால், கட்டி முடியாத வீடுகள் பல கண்ணில் படுகின்றன. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, தினமும் பெங்களூருக்கு ரயிலேறி உழைத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அப்படிச் சேர்த்த காசில் எழும் ஒரு வீட்டில் மறுநாள் ரூஃப் கான்கிரீட். மேஸ்திரியோடு மேலே ஏறினேன்.

சென்ட்ரிங் தகடுகள்மேல் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். மேஸ்திரி டேப்பை இழுத்தார். 32 அடி நீளம், 25 அடி அகலம்: 800 சதுர அடி. படிக்கட்டுத் திறப்பு 70 சதுர அடியைக் கழித்தால் 730. கனம் 5 அங்குலம் என்பதால் 304 கன அடி.

"இதோட முடிச்சிட்டா மாட்டிப்போம் சார், பீம் இருக்குதே" என்று கீழே குனிந்து காட்டினார். தளத்துக்குக் கீழே 9 அங்குல அகலம், 9 அங்குல ஆழத்தில் மொத்தம் 150 அடி ஓடுகின்றன பீம்கள். அது 84 கன அடி. சிந்துவது, சிதறுவதற்கு நூற்றுக்கு நான்கு சேர்த்தால் மொத்தம் 404 கன அடி, ஏறக்குறைய 11.4 கன மீட்டர்.

முற்றத்தில் பொருள் குவிந்திருந்தது. ஜல்லியின் இடைவெளியை மணலும், மணலின் இடைவெளியை சிமெண்டும் நிரப்பிக்கொள்வதால் கலவை சுருங்கும். எனவே உலர்ந்த பொருள் 1.54 மடங்கு, அதாவது 622 கன அடி வேண்டும். எம்20 தரக் கலவைக்கு சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 விகிதம். சிமெண்ட் 92 மூட்டை, எம்-சாண்ட் 170 கன அடி, ஜல்லி 340 கன அடி.

லோடு வந்ததும் லாரித் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை அளந்த பிறகே இறக்கச் சொல்வாராம். ஈர மணல் உப்பி நிற்கும். கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தாலும் சரக்கு குறைவாகவே இருக்கும் என்பதால் அதற்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறார்.

குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பாதியில நின்னா ஜாயிண்ட் உழும் சார். மழைத்தண்ணி அங்கதான் எறங்கும்." சரக்கு தீரும்போது தண்ணீரை ஊற்றி இழுத்துவிடும் ஆசை அதைவிடக் கெட்டது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000), எம்20 விகிதக் கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீரை அனுமதிப்பதில்லை. கூடுதல் தண்ணீர் உலர்ந்துபோன இடத்தில் நுண்துளைகள் மிஞ்சும், கூரை வலுவிழக்கும்.

வீடு கட்டுகிறவர்களே, இந்தக் கணக்குக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். தளம் வேறு, பீம் வேறாகக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். டேப்பைப் பிடித்து நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். கடைசி மூட்டையும் வந்து இறங்கிய பிறகே முதல் கலவையைப் போட விடுங்கள்.