பம்பாய் ரோட்டின் வெட்டவெளி

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் பலருக்கும் அந்த நெடுஞ்சாலை இன்னும் பம்பாய் ரோடுதான். தேசிய நெடுஞ்சாலை 9 என்றிருந்ததை 2010இல் 65 என்று மாற்றினார்கள். புனேயில் கிளம்பி மச்சிலிப்பட்டணம்வரை போகும் அந்த நீளச் சாலையில், மியாப்பூருக்கும் பட்டான்செருவுக்கும் நடுவே உள்ள துண்டுக்காகத்தான் என் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

அப்போதெல்லாம் செகந்திராபாத்தில் 219 பஸ் ஏறினால் ஊர்கள் தனித்தனியாக வரும். மியாப்பூர் வரும், போகும். பிறகு பாறையும் புதரும். சந்தாநகர், லிங்கம்பள்ளி. அடுத்து பாரத மிகுமின் நிறுவனமான பெல்லின் நகரியம். திருச்சி பெல்லில் கொதிகலன், இங்கே டர்பைன். மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே இறங்கிக்கொள்ள, பஸ்ஸில் தமிழ்க் குரல் அடங்கிவிடும்.

ராமச்சந்திராபுரம் தாண்டியதும் இடப்பக்க ஜன்னல் வேண்டும் எனக்கு. அங்கிருந்து இக்ரிசாட் வேலி. 1972இல் தொடங்கிய உலக மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அது. ஏறத்தாழ 1,400 ஹெக்டேர். கரிசலும் செம்மண்ணும் ஒரே வளாகத்தில் கிடைப்பது அந்த இடத்தின் பெரும்பேறு. அங்குள்ள செம்மண் வகைக்கு மண்ணியல் நூல்களில் பட்டான்செரு என்றே பெயர். சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை. கோவில்பட்டிக் கரிசலிலிருந்து பிழைக்கப் போன எனக்கு, கதிர் விட்ட கம்பைத் தெலுங்கு பேசும் ஊரில் பார்த்தது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலால்தான் அங்கே வேர்விட்டேன்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1970களில் வந்த தொழிற்பேட்டையின் ரசாயன வாடை சாயங்காலத்தில் தொண்டையைப் பிடிக்கும். கழிவு நக்கவாகு ஓடையில் கலந்து வயலையும் கிணற்றையும் கெடுத்தது. 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த வாடைக்கு யாரும் ஏங்க முடியாது.

2017இல் மியாப்பூருக்கு மெட்ரோ வந்தது. பட்டான்செருவை அடுத்த முத்தங்கியில் வெளிவட்டச் சாலை குறுக்கே போகிறது. இப்போது ஷோரூம், அடுக்ககம், மறுபடி ஷோரூம். எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைப் பெயர்ப்பலகைதான் சொல்ல வேண்டும். இக்ரிசாட் பக்கம் மட்டும் வானம் தரைவரை தெரிகிறது. அந்த நிலத்தில் யாரும் கைவைத்துவிடக் கூடாது. மழையை மட்டும் நம்பி விதைக்கிறவர்களுக்காக அப்படி வேண்டுகிறேன், எனக்காகவும்தான்.