இறம்பொடை ஏற்றத்தில் கற்ற பாடம்

சித்திரை விடுமுறையில் ஒரு முறை நுவரெலியாவுக்குக் குடும்பத்துடன் பயணமானோம். கம்பளை வரை வழியில் யாதொரு தொல்லையும் இல்லை. அதற்கப்பால் தொடங்குகிறது ஏற்றம். புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என வளைந்து செல்லும் அப்பாதை, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைவதற்குள் 1,300 மீற்றருக்கு மேல் ஏறிவிடுகிறது. விடுமுறைக் கூட்டத்தால் அன்று வண்டிகள் எறும்புச் சாரைபோல் ஊர்ந்தன. இயந்திரத்துக்கு உழைப்போ மிகுதி, எதிர்க்காற்றோ குறைவு.

இறம்பொடை அருவி கண்ணிற்பட்டதும் பிள்ளைகள் ஆரவாரித்தனர். நாமும் அதில் மெய்ம்மறந்தோம். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதை எவரும் கவனிக்கவில்லை. முன்புறத்தில் ஆவி எழுந்த பின்னரே வண்டியை ஒரு தேநீர்க் கடையருகே ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தோம்.

மூத்த மகன் துள்ளி இறங்கி, றேடியேற்றர் மூடியில் கைவைத்தான்.

"தம்பி, தொறக்காதீங்க! ஆவி மூஞ்சில அடிக்கும்!" என்று கடைக்காரப் பெரியவர் கூவினார். மகன் கையை இழுத்துக்கொண்டான்.

எமக்கு உடல் நடுங்கியது. அடைபட்ட நீர் அழுத்தத்தினால் 100 பாகைக்கு மேலும் கொதியாது நிற்கும்; மூடி திறந்து அழுத்தம் நீங்கினால் அக்கணமே ஆவியாய்ச் சீறும். ஆண்டுதோறும் கரும்பலகையில் நாம் எழுதும் பாடம் அது! மகனுக்கு ஆபத்து நேரவிருந்தபோது எம் வாயில் அது வரவில்லை. பெரியவர் வாயில் வந்தது.

அவர் சொற்படி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். சூடு தணிந்தபின், தடித்த துணியால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திருகினோம். உள்ளே நீர் வெகுவாகக் குறைந்திருந்தது. புறப்படுமுன் அதைப் பார்த்திருக்க வேண்டியவர் நாமே. சூடான இயந்திரத்தில் குளிர்நீரைக் கொட்டினால் அது வெடிக்கவும் கூடும் என்பதால், மெதுவாகவே வார்த்தோம். குழாயில் கசிவு உண்டோ என்றும் பார்த்துக்கொண்டோம். பின்னர் குளிரூட்டியை நிறுத்தி, தாழ்ந்த கியரில், முள்ளில் ஒரு கண் வைத்தவாறே மலையேறினோம்.

மலைநாடு செல்லும் அன்பர்களே, புறப்படுமுன் நீரைப் பாருங்கள். வழியில் முள்ளைப் பாருங்கள். ஆவி எழுந்தாலோ, எதையும் தொடாது ஒரு கோப்பைத் தேநீர் அருந்துங்கள். எம் மகனின் கையையும் முகத்தையும் காத்தது அந்தப் பொறுமையே.