பனிக்கு முந்தைய நாற்பது நாள்

குல்லு பள்ளத்தாக்கில் தறி ஓடுவது குளிர்காலத்தில். அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் வீடு வந்து சேர்வது இலையுதிர் காலத்தில். செப்டம்பர் கடைசியில் மழை விடுகிறது. நவம்பரில் மேல்மலையில் பனி இறங்கத் தொடங்குகிறது. நடுவில் கிடைப்பது நாற்பது, ஐம்பது நாள். ஐப்பசி என்றால் தமிழ்நாட்டில் அடைமழை. பியாஸ் ஆற்றங்கரை ஊர்களில் அதே மாதம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். புல்லோ, மக்காச்சோளமோ, ஆட்டு ரோமமோ, நாரோ, சாயவேரோ, எதைக் காயவைப்பதானாலும் அதற்குள் காயவைத்தாக வேண்டும். கல்பலகை வேய்ந்த கூரைகளில் சோளக்கதிர் மஞ்சளாகப் பரந்து கிடப்பதைச் சுற்றுலா வருபவர்கள் படமெடுத்துப் போகிறார்கள். அதே கூரையின் ஓரத்தில், கோணிமேல் கிடக்கும் கறுத்த அக்ரூட் தோலை யாரும் படமெடுப்பதில்லை.

முதலில் வந்து சேர்வது ரோமம். கோடையில் 3,978 மீட்டர் உயரத்து ரோத்தாங் கணவாயைத் தாண்டி லாஹுலுக்கு மேயப் போன மந்தைகள் இப்போது இறங்கி வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு தடவையாவது மயிர் கத்தரிப்பது வழக்கம்: வசந்தத்தில் ஒன்று, இந்தப் பருவத்தில் ஒன்று. லாஹுல் மழை மறைவுப் பகுதி என்பதால் இரண்டாவது கத்தரிப்பில் சேறும் சிக்கும் குறைவு. வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று நிறம் பிரித்துக் குவிப்பார்கள். கறுப்பு என்று ஒதுக்கிய குவியலிலும் கவனம் வேண்டும். மேல்மலை வெயிலில் கறுப்பு மயிரின் நுனி செம்பட்டையாகிவிடும். நுனியைக் கிள்ளாமல் நூற்றால் துணியில் அங்கங்கே துருப்பிடித்த மாதிரித் தெரியும்.

ரோமம் அலசுவதில் அவசரக்காரர்கள் கெடுப்பது அதிகம். பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான நீரில் அமுக்கி எடுக்க வேண்டும், கசக்கக் கூடாது. ரோம இழையின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோட்டுக்கொள்ளும். அப்புறம் அது ரோமமாக இராது, திப்பியாகக் கட்டிவிடும். சுடுநீரிலிருந்து எடுத்துச் சட்டென்று ஓடை நீரில் முக்குவதும் அதே வேலையைச் செய்யும்.

காய்ந்து சீவிய ரோமம் நூலாவது பெரும்பாலும் நடையில். இடையர்கள் மந்தையின் பின்னால் போகும்போதே தக்ளியில் நூற்பார்கள். ரோமப் பட்டையைக் கைமணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தக்ளியைத் தொடையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து விட்டுவிட்டால் அது தொங்கியபடி சுழலும். விரல்கள் ரோமத்தை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சமதளத்திலும் ஏற்றத்திலும் இது சுளுவாக நடக்கும். இறக்கத்தில் நடை அதிர்வதால் இழை திடீரென்று மெலிந்து அறும். தெரிந்தவர்கள் இறக்கம் வந்ததும் தக்ளியை இடுப்பில் செருகிவிடுவார்கள். வீட்டில் ராட்டினம் வேகமாக நூற்கும் என்பது உண்மை. ஆனால் வழிநடை எப்படியும் நடக்க வேண்டியதுதானே, அந்த நேரத்து நூல் சும்மா கிடைத்தது என்று கணக்கு.

நடக்கவும் இதுவே பருவம், விழவும் இதுவே பருவம். மழைக்காலத்துச் சேற்றைவிட அக்டோபர் மாதத்துக் காய்ந்த புல் வழுக்கும். மேய்ச்சல் சரிவுகளில் பெண்கள் குளிர்காலத் தீவனத்துக்குப் புல்லறுத்துக் கட்டுகட்டாக இறக்கும் சமயம் இது. பாதையெல்லாம் உதிர்ந்த தாள் பரவிக்கிடக்கும். ஊசியிலைக் காட்டில் விழுந்து கிடக்கும் பைன் ஊசிகள் அதைவிட மோசம். குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதத்தை முழுசாக வைத்து நடப்பது நல்லது. மேற்குச் சரிவின் பின்னால் சூரியன் போனதும் குளிர் ஒரே அடியாக இறங்கும். பகல் ஒரு மணிக்கு மேல் ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டவர்கள் அந்தியில் தடுமாறுவதில்லை. குளிர் உறக்கத்துக்கு முன் கருங்கரடி வயிறு நிரப்பித் திரிகிற காலமும் இதுதான். கரூசு என்ற கருவாலி மரத்துக் கொட்டையும் அக்ரூட்டும் அதற்கும் வேண்டும். அதனால் அக்ரூட் மரத்தடிக்கு விடியலில் ஓசையில்லாமல் போவது புத்திசாலித்தனமல்ல, பேசிக்கொண்டு போவார்கள்.

காட்டிலிருந்து வருவதில் பாதி வாய்க்கு, பாதி தறிக்கு. காட்டு மாதுளையின் முத்து காய்ந்து புளிப்புக்குச் சமையலறைக்குப் போகும். தோல் சாயத்துக்குப் போகும். அக்ரூட் பருப்பு ‘சித்து’ என்ற ஆவியில் வேகவைத்த கோதுமைப் பண்டத்துக்குள் பூரணமாகும். அதன் பச்சைத் தோல் பழுப்புச் சாயம். குச்சி என்ற விலையுயர்ந்த காளானைத் தேடி அக்டோபரில் வந்து கேட்பவர்களும் உண்டு. அது பனி உருகும் வசந்தத்தில் முளைப்பது; இப்போது கிடைக்காது.

அக்ரூட் தோல் பறிப்பில் நாள்கணக்கு முக்கியம். பச்சைத்தோல் மரத்திலேயே வெடிக்கத் தொடங்கியதும் நீண்ட கழியால் தட்டி உதிர்ப்பார்கள். உரிக்கும்போது கையில் ஒன்றும் தெரியாது. கால்மணி நேரத்தில் விரல்கள் மஞ்சளாகி, மாலைக்குள் பழுப்பாகி, மறுநாள் கறுத்துப்போகும். எதைத் தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்துதான் போக வேண்டும். கம்பளியிலும் அப்படியே பிடிக்கும். சாயத்தைப் பிடிக்கவைக்கப் படிகாரம் போன்ற எதுவும் இதற்கு வேண்டியதில்லை. இரும்புப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் நிறம் கருமையை நெருங்கும்.

மஞ்சிட்டி வேர் இவ்வளவு இணக்கமானதல்ல. கொடி வாடத் தொடங்கியதும் வேரில் சத்து நிற்கும்போது தோண்ட வேண்டும். எல்லா வேரையும் எடுக்காமல் பாதியை மண்ணில் விட வேண்டும். கம்பளிக்கு முன்கூட்டியே படிகாரம் ஏற்ற வேண்டும். பிறகு சாயப் பாத்திரத்தின் பக்கத்திலேயே உட்கார வேண்டும். நீர் கொதித்துவிட்டால் சிவப்பு மங்கிச் செங்கல் பழுப்பாகிவிடும். கை பொறுக்காத சூட்டுக்குச் சற்று மேலே, குமிழி வராமல், அரைநாள் வைத்திருப்பதுதான் கைப்பக்குவம். மஞ்சளுக்குக் கசுமல் என்ற முள்செடியின் வேர். நீலகிரிக்காரர்கள் ஊசிக்கலா என்று சொல்லும் செடியின் உறவு அது. இந்த வேர் மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

வேர்ச்சாயத்தைப் பற்றி இப்போது பக்தியோடு பேசுவது வழக்கமாகிவிட்டது. கடைக்கு வரும் குல்லு சால்வையில் பெரும்பகுதி ஆலை நூலும் ரசாயனச் சாயமும்தான். புட்டிகோ என்று பேர்பெற்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1944-இல் தொடங்கியது. நெசவு வீட்டுத் தேவையைத் தாண்டிப் பிழைப்பானதில் கூட்டுறவுக்குப் பங்கு உண்டு. சால்வை முந்தியில் பட்டைபட்டையாக வரும் பளிச்சென்ற நிறங்கள் வேர்ச்சாயத்தில் வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்த வீட்டுக்கு நெய்யும் பட்டுவில் மட்டும் பழுப்பும் சாம்பலும் இன்னும் தங்கியிருக்கின்றன. (பட்டு என்றால் இங்கே பட்டுப்புழு சம்பந்தப்பட்டதல்ல; பெண்கள் உடலைச் சுற்றி ஊசிக்கொக்கியால் பொருத்திக்கொள்ளும் கம்பளிப் போர்வை.)

நாரும் மூங்கிலும் இதே நாட்களில். மழை நின்றபின் வெட்டிய நிங்கால் என்ற குட்டை மலைமூங்கிலில்தான் முதுகில் சுமக்கும் ‘கில்டா’ கூடை முடைவார்கள். அந்த ஆண்டு முளைத்த குருத்து மூங்கில் பிளக்க இலகு, ஆனால் காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளரும், வண்டும் விழும். ஓரிரு ஆண்டு முற்றியதே உதவும். கஞ்சா செடியின் தண்டிலிருந்து உரித்த நாரில் ‘பூலா’ என்ற செருப்பு செய்வார்கள். அடி நார், மேலே ஆட்டுமயிர்ப் பின்னல். தோல் கலக்காததால் தெய்வ காரியங்களுக்கு அதைப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் அரசு அனுமதியின்றிச் செடி வளர்ப்பது குற்றம்; காட்டுச் செடியையும் இயக்கம் நடத்தி வெட்டி அழிக்கிறார்கள். பிசினுக்காக வந்த சட்டம் நாருக்கும் சேர்த்தே பொருந்திவிட்டதால் நார்ப் பூலா செய்பவர்கள் குறைந்து, செயற்கை நூலில் செய்தவை சந்தைக்கு வந்துவிட்டன.

விஜயதசமியன்று மற்ற இடங்களில் முடியும் தசரா குல்லுவில் அன்றுதான் தொடங்கி ஏழு நாள் நடக்கிறது. ஊர்த்தெய்வங்கள் பல்லக்கில், சுமப்பவர்களின் தோளில், மலைப்பாதை வழியாக தால்பூர் மைதானம் வந்து சேரும். திருவிழா கலைந்ததும் பாவு போடும் வேலை.

முற்றத்தில் இரண்டு முனைகளிலும் முளையடித்து, நூலைக் கையில் பிடித்தபடி போய்ப் போய் வந்து சுற்றுவதுதான் பாவோட்டம். காஞ்சிபுரத்துத் தெருவில் பாவு விரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே தெரு அவ்வளவு நீளமில்லை என்பதே வித்தியாசம். ஆறு மீட்டர்ப் பாவில் 500 இழை என்றால், ஒற்றை நூலாகச் சுற்றினால், முற்றத்துக்குள்ளேயே 3 கிலோமீட்டர் நடை. இழுவிசை முதல் இழையிலிருந்து கடைசி இழை வரை ஒன்றாக இருக்க வேண்டும். மாலையில் கை சோர்ந்து தொய்வாகச் சுற்றிய பகுதி தறியில் ஏறியதும் அலையலையாகக் காட்டிக் கொடுத்துவிடும். அச்சில் ஓர் இழை இடம் மாறிக் கோத்திருந்தால் துணி முழுக்க ஒரு கோடு ஓடும். ஒரு சாண் நெய்தபின் பார்த்தாலும் அறுத்துத் திருப்பிக் கோப்பதே உத்தமம்.

முதல் பனி விழும்போது தறி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். பழைய தறிகள் அகலம் குறைந்தவை என்பதால் பட்டுவை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைப்பார்கள். தறியிலிருந்து இறக்கிய துணி சல்லடைபோல் இருக்கும். அதைத் தொட்டியில் வெந்நீரில் போட்டு, பூந்திக்கொட்டை நுரையில் இரண்டு பேர் காலால் மிதிப்பார்கள். ரோமம் அலசும்போது எதைச் செய்யக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தவிர்த்தார்களோ, சூடும் கசக்கலுமான அதே காரியத்தை இப்போது வேண்டுமென்றே செய்கிறார்கள். இழைகள் கொக்கிபோட்டு நெருங்கி, துணி சுருங்கித் தடித்து, காற்றும் நீரும் எளிதில் புகாதபடி ஆகும். எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணியில் ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டும்.